நித்திரைக் குளிசையை விடமுடியாத பெண்ணுக்குக் குடும்பம் எப்படித் துணைநிற்பது?

ஊர் திரும்பியதும் வீடு, கிணறு, காணி உறுதி, பிள்ளைகளின் பாடசாலை என்று பல வேலைகள் உங்கள் முன் நிற்கும். இவற்றுக்கிடையே வீட்டுப் பெண்ணின் நித்திரை யார் கண்ணிலும் படாது. ஷெல்லடியிலும், முகாம் வாழ்விலும், காணாமற்போனவரைத் தேடிய அலைச்சலிலும் நித்திரையைத் தொலைத்த பெண்கள் பலர். அவர்களுட் சிலர், வைத்தியர் கொடுத்த குளிசையில் தொடங்கி, இன்று அது இல்லாமல் கண்மூட முடியாதிருக்கிறார்கள். சிலர் சாராயத்தையோ கசிப்பையோ நாடியிருக்கிறார்கள்.

இது ஏன் நடக்கிறது?

டயசிபாம் போன்ற குளிசைகள் குறுகிய காலப் பாவனைக்கு உரியவை. பல வாரங்கள் தொடர்ந்தால் உடல் அவற்றுக்குப் பழகிவிடும். அதே நித்திரைக்குக் கூடுதல் குளிசை தேவைப்படும். இது ஒழுக்கக்கேடு அல்ல. சிகிச்சையால் மாற்றக்கூடிய உடல்நிலை.

ஆண் குடித்தால் "கவலையில குடிக்கிறான்" என்கிறோம். பெண் என்றால் "குடும்ப மானம் போச்சு" என்கிறோம். மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயத்தில் அவர் மறைக்கிறார். மறைப்பதால் சிகிச்சை பிந்துகிறது.

செய்யக் கூடாதவை

• கோபத்தில் குளிசைகளைப் பறித்து எறிய வேண்டாம். நெடுநாள் பாவித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, பதற்றம் வரலாம், வலிப்பும் வரலாம். நாள்தோறும் அதிகம் குடித்தவர் மதுவைத் திடீரென நிறுத்தினாலும் இதே ஆபத்து உண்டு.
• குளிசையும் மதுவும் சேரவிட வேண்டாம். மூச்சு அடங்கி உயிர் போகலாம்.
• அயலவர் முன்னிலையில் ஏச வேண்டாம்.

செய்ய வேண்டியவை

• தனிமையில், பொறுமையாகக் கேளுங்கள்: "எப்ப தொடங்கினது? ஒரு நாளைக்கு எத்தனை?"
• குளிசை மட்டையுடன் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். சிகிச்சை இலவசம். வைத்தியர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். இதற்கு வாரங்களோ மாதங்களோ எடுக்கலாம்.
• அவர் கர்ப்பிணியாகவோ பாலூட்டும் தாயாகவோ இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.
• கிளினிக் நாளில் சமையலையும் பிள்ளைகளையும் வேறொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.
• எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசுங்கள். அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள்.
• வலிப்பு, மனக்குழப்பம், எழுப்ப முடியாத மயக்கம் கண்டால் தாமதிக்காமல் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

குறைத்து வரும்போது ஒருநாள் பழைய அளவுக்குத் திரும்பினால், எல்லாம் பாழாகிவிட்டதென்று எண்ண வேண்டாம். அடுத்த கிளினிக்கில் அதைப் பயமின்றிச் சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருந்தால், அதுவே அவருக்குப் பெரிய பலம்.

கலந்துரையாடுங்கள்

1. எங்கள் ஊரில் ஒரு பெண் இந்த உதவியைக் கேட்க எது தடையாக இருக்கிறது?
2. அந்தத் தடையை நீக்க எங்கள் வீட்டில் யார் என்ன செய்யலாம்?