சித்தப்பா வண்டியும் ரெண்டு மில்லிமீட்டரும்

ரெண்டாம் வருஷ லீவுல நான் கெடுத்த ஒரு சிலிண்டர் ஹெட்டில் இருந்து இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறேன்.

சித்தப்பாவுக்குப் பூ வியாபாரம். விடியுறதுக்கு முன்னாடி தோவாளை சந்தையில் மூட்டை ஏற்றி, நாகர்கோவில் தாண்டி தக்கலைக்குக் கொண்டு போவார். வண்டி பழைய ஸ்ப்ளெண்டர். "ஹெட்டைக் கழற்றி போர்ட்டிங், பாலிஷ் பண்ணித் தாரேன் சித்தப்பா, பறக்கும் பாருங்க" என்று வாங்கினேன். கையில் இரவல் டை கிரைண்டர், தலையில் நாலு வீடியோ. இன்டேக் வழியை எல்லாப் பக்கமும் குடைந்து, எமரி போட்டு, முகம் தெரியுற மாதிரி பளபளன்னு ஆக்கினேன்.

நாலாம் நாள் சித்தப்பா சொன்னார்: "மக்கா, வெறும் வண்டின்னா ஓடுது. மூட்டை வச்சா ஏத்தத்துல இழுக்க மாட்டேங்கு. பெட்ரோலும் நல்லா குடிக்கு." அந்த வாரம் ரெண்டு நாள் பூ லேட்டாகப் போய்ச் சேர்ந்தது. வாடின பிச்சிப்பூவை யார் வாங்குவா?

ஏன் இப்படி ஆச்சுன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம். (இதைக் குடையுறதுக்கு முன்னாடி போட்டிருக்கணும்.) அந்த எஞ்சின் 97.2 சி.சி.; போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. இன்டேக் போர்ட்டின் விட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போர்ட்டில் காற்றின் சராசரி வேகம் வேண்டுமென்றால், பிஸ்டனின் சராசரி வேகத்தை சிலிண்டர் பரப்பால் பெருக்கி, போர்ட் பரப்பால் வகுத்தால் போதும். 3000 ஆர்.பி.எம்.-ல் பிஸ்டன் வேகம் விநாடிக்கு 4.95 மீட்டர். போர்ட்டில் காற்று சுமார் 31 மீட்டர் வேகத்தில் போகும். இப்போ விட்டத்தை 22 ஆக்குங்க. ரெண்டே மில்லிமீட்டர்தான், ஆனா பரப்பு 21 சதவீதம் கூடிடும். வேகம் 25.6 மீட்டராக இறங்கிடும்.

வேகம் குறைஞ்சா என்ன? இன்டேக் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்துக்குப் போய்த் திரும்பி மேலே ஏற ஆரம்பிச்ச பிறகுதான் மூடும். அந்தக் கொஞ்ச நேரமும், வந்த வேகத்தின் உந்துதலிலேயே காற்று உள்ளே ஏறிக்கிட்டு இருக்கும். வேகம் இல்லைன்னா ஏறி வர்ற பிஸ்டன் அதைத் திருப்பி வெளியே தள்ளிடும். கார்புரேட்டர் தூவுற பெட்ரோலும் மெதுவான காற்றில் சரியாகக் கலக்காது. 8000-ல் இந்தக் குறை பெரிசா தெரியாது, அங்கே பெரிய வழி உதவக்கூடச் செய்யும். ஆனா மூட்டையோட ஏற்றம் ஏறுற சித்தப்பா 8000-க்கு எங்கே போவார்?

ரெண்டாவது தப்பு இதைவிட மோசம். கோட்டாறு பக்கம் ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சியிடம் ஹெட்டைக் காட்டினேன். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துட்டு, "காத்து திரும்புற இடத்தையே தேச்சு எடுத்துட்டியே டே" என்றார். அனந்தனாறு சானல் வளையுற இடத்தில் நின்று பார்த்திருக்கீங்களா? தண்ணீர் வெளிக்கரையை ஒட்டிப் பாயும். உள்கரை ஓரத்தில் ஓட்டமே இல்லாமல் குப்பையும் பாசியும் சுத்திக்கிட்டு நிற்கும். இன்டேக் போர்ட்டும் அப்படித்தான். வால்வுக்கு மேலே சட்டென்று கீழே வளைகிறது. அந்த வளைவின் உள்பக்கத்தை 'ஷார்ட் சைடு' என்பார்கள். காற்று அங்கே சுவரை விட்டுப் பிரிந்தால், அந்த இடம் செத்த இடம். வழி எவ்வளவு பெரிசா இருந்தாலும் பாதிதான் வேலை செய்யும். நான் தரையை அடிமட்டமாகத் தேய்த்து, மெல்லத் திரும்பின வளைவைக் கூர் முனையாக்கி வச்சிருந்தேன்.

பாலிஷ் விஷயம் சுருக்கமா: இன்டேக்கில் கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம். 80 முதல் 120 நம்பர் எமரி விட்ட சொரசொரப்பு போதும். வழவழன்னு இருந்தா பெட்ரோல் துளிகள் சுவரில் ஒட்டி ஓட ஆரம்பிக்கும். எக்ஸாஸ்ட்டில் பளபளப்பு இருக்கலாம், கரி கொஞ்சம் மெதுவா படியும். போட்டோவுக்கும் நல்லா இருக்கும்!

அப்போ எங்கேதான் கை வைக்கிறது? வால்வு சீட்டுக்குப் பக்கத்தில். வால்வு தூக்குற உயரம் அதன் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு ஆகுறவரைக்கும், இடுக்கான இடம் வால்வு ஓரத்து வளையம்தான், போர்ட் இல்லை. சீட் வளையமும் அலுமினிய வார்ப்பும் சேருற இடத்தில் ஒரு படி நிற்கும், அதைச் சரிவாக்கணும். சீட்டை 45 டிகிரி மட்டும் விடாமல் மேலே 30, கீழே 60 என்று மூணு கோணமாக வெட்டி, வால்வை லேப்பிங் பண்ணணும். கேஸ்கெட்டும் போர்ட் வாயும் ஒரே அளவில் பொருந்தணும். பார்க்கிறதுக்கு ஒண்ணும் பெரிசா தெரியாது. பலன் அங்கேதான் வரும்.

ஆர்.எக்ஸ். 100 வச்சிருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அது டூ ஸ்ட்ரோக், ஹெட்டில் போர்ட்டே கிடையாது. போர்ட்டெல்லாம் சிலிண்டர் பிளாக்கில். அங்கே எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தினால் வழி மட்டும் பெரிசாகாது, திறக்கிற நேரமே மாறிடும். அது தனிப் பாடம்.

ஹாரி வெஸ்லேக் என்ற ஆங்கிலேயர் ஹெட் வழியாகப் போகும் காற்றை அளந்து பார்த்தே பேர் வாங்கினவர். 1948-ல் வந்த ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சினின் ஹெட்டில் அவர் பங்கு உண்டு. நம்மாலும் அளக்க முடியும். பட்டறை வேக்குவம் கிளீனர் ஒண்ணு, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் தூங்குற ஆரிஃபிஸ் தட்டு, தண்ணீர் ஊற்றிய ரெண்டு யு-குழாய். ஹெட்டுக்குக் குறுக்கே தண்ணீர் மட்ட வித்தியாசத்தை ஒரே அளவில் நிறுத்தி, வால்வை ஒவ்வொரு மில்லிமீட்டராகத் திறந்து ஓட்டத்தைக் குறிச்சுக்கோங்க. தேய்ச்ச பிறகு மறுபடி அளங்க. எண் ஏறலைன்னா கிரைண்டரைக் கீழே வச்சிடுங்க.

ஃபார்முலா கார் போட்டிக்குத் தயாராகுற நம்ம டீமுக்கும் இது பொருந்தும். பெட்ரோல் எஞ்சினுக்கு எல்லாக் காற்றும் 20 மி.மீ. துளை வழியாகத்தான் போகணும் என்பது விதி. ஹெட்டை எவ்வளவு குடைஞ்சாலும் அந்தத் துளை விடுற காற்றுக்கு மேலே ஒரு துளி வராது.

சித்தப்பாவுக்குப் பழைய சாமான் கடையில் வேற ஹெட் தேடி, சீட்டும் லேப்பிங்கும் மட்டும் பண்ணி மாட்டிக் கொடுத்தேன். காசு என்னோடது. மூட்டையோட ஏறுது. "முன்ன மாதிரியே இருக்கு" என்றார், அதுவே எனக்குப் போதும். கெட்ட ஹெட்டை ஹேக்ஸா போட்டு நடுவில் ரெண்டாகப் பிளந்து எஞ்சின் லேப் மேசையில் வச்சிருக்கேன். வந்து ஷார்ட் சைடில் விரலை வச்சுப் பாருங்க.