மட்டை வீசும் முறை

உழவன் கலப்பை பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. தச்சன் உளி பிடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முறையறிந்து செய்வார்க்கு வேலை எளிதாகிறது. முறையறியாதார்க்கு அவர்தம் வலிமையும் வீணாகிறது. இவ்வுண்மை தொழிலுக்கு மட்டுமன்றி விளையாட்டுக்கும் பொருந்தும். அமெரிக்க நாட்டுச் சிறுமியர் பெரிதும் விரும்பி ஆடும் ‘சாப்ட்பால்’ என்னும் மென்பந்தாட்டம் இதற்குச் சிறந்த சான்றாகும்.

இவ்வாட்டம் தோன்றிய வரலாறு சுவையானது. 1887ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், நன்றி நவிலும் திருநாளன்று, சிக்காகோ நகரின் ஃபாரகட் படகுக் கழகத்தில் இளைஞர் பலர் கூடியிருந்தனர். ஹார்வர்டு, யேல் ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் மோதிய கால்பந்துப் போட்டியின் முடிவைத் தந்தி வாயிலாக அறிய அவர்கள் காத்திருந்தனர். முடிவு வந்ததும் ஓர் இளைஞர் மகிழ்ச்சி மிகுதியால் குத்துச்சண்டைக் கையுறையொன்றை எடுத்து வீசினார். மற்றொருவர் அதனைக் கோலால் அடித்தார். அதனைக் கண்ட ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அக்கையுறையைப் பந்துபோல் இறுகக் கட்டி, அரங்கின் உள்ளேயே ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். பின்னர் விதிகளும் வகுத்தார். ‘சாப்ட்பால்’ என்ற பெயரை 1926ஆம் ஆண்டில் முன்மொழிந்தவர் வால்ட்டர் ஹக்கன்சன் என்பவர். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் மகளிர்க்குரிய ஆட்டமாக இது முதன்முதல் இடம்பெற்றது.

பெயரில் மென்மை இருப்பினும் இப்பந்து மெல்லியதன்று. அதன் சுற்றளவு 12 அங்குலம். எடை ஏறத்தாழ 6¼ முதல் 7 அவுன்சு வரை. பந்தெறிபவர் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி எறியாமல், காற்றாலைபோல் ஒரு சுற்றுச் சுற்றித் தம் இடுப்பின் அருகிலிருந்து கீழ்க்கை வீச்சாக விடுக்கிறார். வளர்ந்த மகளிர் ஆடும் களத்தில் பந்தெறிபவருக்கும் அடிப்பவர் நிற்கும் ‘ஹோம் பிளேட்’ என்னும் ஐங்கோணத் தட்டுக்கும் இடையே உள்ள தொலைவு 43 அடியே. மணிக்கு 60 மைல் விரைவில் வரும் பந்து ஒரு நொடியில் 88 அடி செல்லும். எனவே, அஃது அடிப்பவரை அடைய அரை நொடியும் ஆவதில்லை. அதற்குள் பந்தைக் காண வேண்டும். அஃது எங்கு வரும் என்று உணர வேண்டும். அடிப்பதா, விடுவதா என்று துணிய வேண்டும். பின்னர் மட்டையை வீச வேண்டும். கண்ணிமைக்கும் பொழுதில் இத்தனையும் நிகழ்தல் வேண்டுமன்றோ?

உடல்வலிமை ஒன்றே இதற்குப் போதாது என்பதை ஒரு நிகழ்ச்சி விளக்கும். டெட் வில்லியம்ஸ் என்பவர் பேஸ்பால் ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்ற மட்டையாளர். 1960களின் தொடக்கத்தில், கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் நடந்த காட்சிப் போட்டியொன்றில், ஜோன் ஜாய்ஸ் என்னும் இளமங்கை எறிந்த மென்பந்தை அவர் எதிர்கொண்டார். பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அத்துணைப் பெரிய வீரரும் அவற்றை அடிக்க மாட்டாமல் திகைத்தார். கண்ணும் காலும் கையும் ஒரு வகைப் பந்துக்கே பழகியிருந்தமையால், மற்றொரு வகைப் பந்து வந்தபோது அவருடைய வலிமை துணை செய்யவில்லை. பழக்கத்தின் ஆற்றல் அத்தகையது.

ஆதலால், இளமையிலேயே நற்பழக்கத்தை ஊன்றுவது பயிற்சியாளரின் முதற்கடமையாகும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. தவறான வீச்சு ஒருமுறை உடலில் படிந்துவிட்டால், அதனை நீக்குவது புதிதாகக் கற்பிப்பதைவிட அரிது.

முதலில் கவனிக்கத்தக்கது மட்டையே. விதிப்படி அதன் நீளம் 34 அங்குலத்தையும், விட்டம் 2¼ அங்குலத்தையும் மிகுதல் ஆகாது. ஆயினும் சிறுமிக்கு ஏற்ற மட்டை இவ்வளவு நீளம் இருக்க வேண்டுவதில்லை. அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று பெரிய சட்டை வாங்குவதுபோல், பெற்றோர் சிலர் பெரிய மட்டையை வாங்கித் தருகின்றனர். சட்டையின் தளர்ச்சி தீங்கு செய்யாது. மட்டையின் பளுவோ வீச்சைக் கெடுக்கும். ஒரு கையால் மட்டையின் பிடியைப் பற்றி, அதனைப் பக்கவாட்டில் நேராக நீட்டிச் சிறிது பொழுது நிற்குமாறு சிறுமியிடம் கூற வேண்டும். கை நடுங்கி மட்டையின் நுனி தாழுமாயின், அஃது அவளுக்குப் பளுவானது என்று அறியலாம். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. ஆயினும், கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பின் அதனைச் செப்பம் செய்து தருவது பெரியோர் கடனாகும்.

அடுத்தது நிலை. வலக்கைப் பழக்கமுடைய சிறுமி தன் இடத்தோள் பந்தெறிபவரை நோக்குமாறு நிற்க வேண்டும். பாதங்கள் தோள்களின் அகலத்தைவிடச் சற்றே விலகியிருத்தல் நன்று. முழங்கால்கள் சிறிது மடங்கியிருக்க வேண்டும். உடலின் பளு குதிகால்களில் சாயாமல் பாதங்களின் முற்பகுதியில் தங்க வேண்டும். இடக்கை மட்டையின் அடியிலும், வலக்கை அதன் மேலும் அமைய வேண்டும். பிடி உள்ளங்கையில் புதையாமல் விரல்களில் அமர வேண்டும். முட்டையைப் பற்றுவதுபோல் மென்மையாகவும் ஆகாது. கழுத்தை நெரிப்பதுபோல் இறுக்கமாகவும் ஆகாது. இறுகிய கை விரைந்து செல்லாது.

இனி வீச்சின் நுட்பத்தைக் காண்போம். மட்டையைக் கைகள் பிடித்திருப்பதால், கைகளே பந்தை அடிக்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. வீச்சு தரையிலிருந்து பிறக்கிறது. மாட்டு வண்டிக்காரன் சாட்டையை வீசும்போது பிடி சிறிதே அசைகிறது. நுனியோ பெருவிரைவில் பாய்கிறது. அசைவு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று இறுதியில் நுனியை அடைவதே அதற்குக் காரணம். அதுபோலவே, கால்கள் தரையை உந்த, இடுப்பு திரும்புகிறது. இடுப்பின் பின்னே மார்பும் தோள்களும் திரும்புகின்றன. தோள்களின் பின்னே கைகள் வருகின்றன. எல்லாவற்றிற்கும் பின்னர் மட்டை வருகிறது. இவ்வரிசை மாறி, கைகள் முந்திக்கொண்டால், கால்களின் ஆற்றலும் இடுப்பின் ஆற்றலும் மட்டையைச் சென்று சேர்வதில்லை.

பந்தெறிபவர் கையைச் சுழற்றும்போது, அடிப்பவள் தன் பளுவைச் சிறிது பின்காலுக்குக் கொண்டுசெல்கிறாள். பின் முன்காலைச் சிறிய அடியாக எடுத்து வைக்கிறாள். அந்த அடி நீண்டதாக இருத்தல் கூடாது. நீண்டால் தலை தாழ்ந்து, பந்து மேலும் கீழும் ஆடுவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். முன்பாதம் ஊன்றியவுடன் இடுப்பு திரும்புகிறது. முன்கால் உறுதியாக நிமிர்ந்து கதவின் கீல்போல் நிற்க, உடல் அதனைப் பற்றிச் சுழல்கிறது. பின்காலின் குதி தானே மேலெழுகிறது. ‘காலடியில் பூச்சியொன்று இருப்பதாக எண்ணி நசுக்கு’ என்று கற்பிக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அவ்வாறு செய்யும் சிறுமி பளுவை முன்னே செலுத்தாமல் பின்காலிலேயே நின்றுவிடுவாள். ஆதலின், இக்காலப் பயிற்சியாளர் பலர் அதனைக் கைவிட்டனர்.

கைகள் உடலுக்கு அண்மையில் வர வேண்டும். தொடக்கத்திலேயே கைகளை அகல நீட்டினால் மட்டை பெருவட்டமிட்டுக் காலந்தாழ்ந்து வரும். இதனைத் திருத்த எளிய வழியொன்று உண்டு. வேலியின்முன் மட்டையின் நீளம் அளவு விலகி நின்று, சிறுமி மெதுவாக வீச வேண்டும். கைகள் அகன்றால் மட்டை வேலியில் தட்டும். அண்மையில் வந்தால் தட்டாது. ஆசிரியர் கடிந்துரைக்க வேண்டுவதில்லை, வேலியே ஆசிரியராகிவிடுகிறது!

மட்டையை மேலிருந்து கீழாக வெட்டவும் கூடாது. கீழிருந்து வானை நோக்கித் தூக்கவும் கூடாது. மென்பந்து இடுப்பு உயரத்திலிருந்து விடுபடுவதால், பெரும்பாலும் தட்டையான வழியில் வருகிறது. மட்டையும் அவ்வழியோடு ஒன்றிச் சென்றால், பந்தைச் சந்திக்கும் வாய்ப்பு மிகும். நடுவாக வரும் பந்தை முன்பாதத்திற்கு நேரே சந்திப்பது நன்று. உடலை ஒட்டி வரும் பந்தை அதனினும் முன்னதாகவும், விலகி வரும் பந்தைச் சிறிது பின்னதாகவும் சந்திக்க வேண்டும். அவ்வேளையில் வலது உள்ளங்கை வானத்தையும், இடது உள்ளங்கை மண்ணையும் நோக்கியிருக்கும். அடித்த பின்னரும் வீச்சை நிறுத்தாமல் தோள் வரை செல்லவிட வேண்டும். தலை மட்டும் அசையாமல் இருத்தல் இன்றியமையாதது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் கற்பிக்க முனைவது, விதைத்த அன்றே அறுவடைக்குச் செல்வது போன்றது. ‘டீ’ எனப்படும் தாங்கியின்மேல் பந்தை அசையாமல் வைத்து அடிப்பதே முதற்பயிற்சி. பந்து போகும் வழியே பிழையை எடுத்துரைக்கும். தரையில் உருண்டால் மட்டை பந்தின் மேற்பகுதியைத் தொட்டது. உயர எழும்பி அருகிலேயே விழுந்தால் கீழ்ப்பகுதியைத் தொட்டது. பந்தைவிட்டுத் தாங்கியே அடிபட்டால் பின்தோள் தாழ்ந்தது. வீச்சின் முடிவில் மூன்று எண்ணும் வரை தள்ளாடாமல் நிற்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதன்பின் பக்கத்திலிருந்து மெல்ல எறியும் பந்து, பின்னர் எதிரிலிருந்து மெல்ல எறியும் பந்து, இறுதியில் விரைந்து வரும் பந்து எனப் படிப்படியாகச் செல்லலாம். தலைக்கவசம் அணியாமல் எறிபந்தை எதிர்கொள்ளலும், பிறர் அருகில் நிற்க மட்டையைச் சுழற்றலும் ஒருபோதும் ஆகா.

நுட்பம் யாவும் கற்பித்தும் சில சிறுமியர் தடுமாறுவர். பந்து வரும்போது அவர்களுடைய முன்கால் தட்டை விட்டு விலகிப்போகும். அதனைச் சோம்பல் என்றும் கவனக்குறைவு என்றும் கருதிச் சினப்பவர் உளர். உண்மையில் அஃது அச்சம். கடுமையான பந்து தன்மேல் படுமோ என்று பிஞ்சு உள்ளம் அஞ்சுகிறது. அவ்வச்சத்தைக் கால் வெளியிடுகிறது. காலைத் திருத்துவதற்குமுன் அச்சத்தைத் தீர்க்க வேண்டும். மெல்லிய பந்தை எறிந்து, அது மேலே பட்டாலும் துன்பமில்லை என்று காட்ட வேண்டும். உடலை நோக்கிப் பந்து வந்தால் முதுகைக் காட்டித் திரும்பி, தலையைக் குனிந்துகொள்ளக் கற்பிக்க வேண்டும். தன்னைக் காக்கும் வழி தெரிந்தவளே துணிந்து நிற்பாள்.

போட்டி நாளில் நேரும் தீங்கு மற்றொன்று. வேலியின் ஒருபுறம் தந்தை, ‘முழங்கையை உயர்த்து’ என்பார். மறுபுறம் மாமன், ‘பந்தைப் பார்’ என்பார். தோழியர், ‘ஓங்கி அடி’ என்று கூவுவர். அரை நொடியில் ஒரு சிறுமி எத்தனை அறிவுரையை ஏற்க இயலும்? அவள் கை தயங்குகிறது, பந்து கடந்துவிடுகிறது. மும்முறை தவறியபின் தலைகவிழ்ந்து திரும்புகிறாள். அன்று கேட்கும் ஒரு கடுஞ்சொல் அவளை ஆடுகளத்திலிருந்தே விலக்கிவிடக் கூடும். ஆதலின், அறிந்த பயிற்சியாளர் பயிற்சி நாளில் ஒன்றை மட்டும் திருத்துவர். போட்டி நாளில் ஒன்றையும் திருத்தார். ஊக்கம் மட்டுமே அளிப்பர்.

முன்னர்க் கூறிய டெட் வில்லியம்ஸ் 1941ஆம் ஆண்டில் பெற்ற அடிவிகிதம் .406 ஆகும். ஆயிரத்திற்கு 406 என்பது இதன் பொருள். அஃதாவது, கணக்கிற்குரிய பத்து வாய்ப்புகளில் ஏறத்தாழ ஆறில் அவர் தோற்றார். எனினும், உலகம் அதனை அரிய வெற்றி என்றே போற்றுகிறது. தோல்வி மிகுந்த ஆட்டத்தில் கலங்காமல் மீண்டும் மட்டையேந்தி நிற்கும் மனத்திட்பமே, இளையோர் பெறத்தக்க பெரும்பேறு. மட்டை வீசும் முறையைப் பொறுமையுடன் கற்பிப்பவர் அம்மனத்திட்பத்தையும் உடன் ஊட்டுகின்றார். வளர்ந்தபின் அச்சிறுமி மட்டையைத் தொடாமலே போகலாம். அடியெடுத்து வைக்குமுன் நிலைத்து நிற்கவும், தவறியபின் நிமிர்ந்து நிற்கவும் கற்ற பழக்கம் அவளை விட்டு நீங்காது.

வினாக்கள்

1. மென்பந்தாட்டம் தோன்றிய வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
2. வீச்சு தரையிலிருந்து பிறக்கிறது என்பதைச் சாட்டை உவமையால் விளக்குக.
3. ‘வேலியே ஆசிரியராகிவிடுகிறது’ — இதன் கருத்து யாது?
4. முன்கால் விலகுவதற்கு உண்மைக் காரணம் எது? அதனை நீக்கும் வழிகள் யாவை?
5. போட்டி நாளில் பயிற்சியாளர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்?