சம்பந்தம் பேசும் இடத்தில் மரபணு

"அந்த வீட்டில் பெண் எடுக்காதீர்கள். சித்தப்பாவுக்கு மனநிலை சரியில்லை, ரத்தத்திலேயே இருக்கிறது." மனநோய்களின் மரபணுவை ஆராய்பவன் என்பதால், ஜாதகத்தோடு இந்தக் கேள்வியையும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

மனச்சிதைவு நோய் பொதுவாக 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. தாய், தந்தையரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளில் 100க்குப் பத்துப் பேருக்கு வரலாம். 90 பேருக்கு வராது. சித்தப்பாவுக்கு இருந்தால் அதைவிட மிகக் குறைவு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வரும் என்று உறுதியில்லை. டென்மார்க்கில் 2017இல் வெளியான ஆய்வில் மூன்று ஜோடிகளில் ஒன்றில்தான் இருவருக்குமே நோய் இருந்தது. நோயாளிகளில் பெரும்பாலோரின் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் கிடையாது.

"80 சதவீதம் மரபுதான் என்று உங்கள் ஆட்களே எழுதுகிறார்களே" என்று மடக்குவோர் உண்டு. அந்த எண், மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் மரபின் பங்கைச் சொல்வது. பிறக்கப்போகும் பிள்ளையின் தலையெழுத்தை அல்ல!

ஹண்டிங்டன் நோய் வேறு. 1993இல் கண்டுபிடிக்கப்பட்ட அதன் ஒரே மரபணு தாய், தந்தையரில் ஒருவருக்குக் கெட்டிருந்தால், பிள்ளைக்கு அது வர சரிபாதி வாய்ப்பு. மனச்சிதைவுக்கு அப்படி ஒற்றைக் குற்றவாளி இல்லை. 2022இல் வந்த உலக அளவிலான ஆய்வு 287 மரபணுப் பகுதிகளைக் காட்டியது. பெரும்பாலும் ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அவற்றிலுள்ள அபாய மாற்றங்களில் பல, சம்பந்தம் வேண்டாம் என்பவரின் உடம்பிலும் இருக்கும். 'ரத்தத்திலேயே இருக்கிறது' என்ற வதந்திக்கு அஞ்சித்தான் நோயை மறைக்கிறார்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு மணவறையில் உட்காரவைக்கிறார்கள். நோய் திரும்பி வருகிறது.

கல்யாணம் செய்தால் சரியாகுமா? ஆகாது. தாயின் வளர்ப்புக் கோளாறா? இரட்டையர் ஆய்வும் தத்து ஆய்வும் அதை என்றோ பொய்யாக்கிவிட்டன. ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே தெரியுமா? தெரியாது, காசைக் கரியாக்காதீர்கள்.

அந்த 2022 ஆய்வின் நோயாளிகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்து, பல மரபணுப் பகுதிகளின் பங்கைக் கூட்டிக் கணித்த அபாய மதிப்பெண் நம்மிடம் சரியாகப் பொருந்துவதில்லை. சென்னையிலுள்ள மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் சுமார் 3,000 இந்தியர்களின் மாதிரிகளை ஆராய்ந்து, 2019இல் நயசின் (வைட்டமின் பி3) வளர்சிதை மாற்றத்தோடு தொடர்புள்ள ஒரு தடயத்தை எட்டாவது குரோமோசோமில் கண்டார்கள். இன்னும் பல மடங்கு மாதிரிகள் வேண்டும். மருத்துவமனையில் ஆய்வுக்கு ரத்தம் கேட்டால் ஒப்புதல் படிவத்தை நிதானமாகப் படியுங்கள், கேள்வி கேளுங்கள், பிறகு கொடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். சிகிச்சைக்குப் பாதகம் வராது.