நிலப்படம் காட்டும் மாற்றம்

கிள்ளான் பள்ளத்தாக்கின் வளர்ச்சியை அறிய, ஒரே அளவுகோலில் வரையப்பட்ட பழைய, புதிய நிலப்படங்களை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். எஃபிங்காம் ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் 1950களில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் அமைந்த புத்ராஜெயா 2001இல் கூட்டரசுப் பிரதேசமாயிற்று.

1972 முதல் லேண்ட்சாட் துணைக்கோள்கள் விண்ணிலிருந்து நிலத்தைப் படம் பிடித்து வருகின்றன. பச்சை இலைகள், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். கட்டடங்கள் அவ்வளவு அனுப்புவதில்லை. இவ்வேறுபாட்டைக் கொண்டே, காடு அழிந்து நகரம் பரவியதைக் கணக்கிடுகின்றனர். ஆயினும், பால்மரம் இலையுதிர்க்கும் காலத்தில் எடுத்த படம், மரமே இல்லாத நிலம்போல் தோற்றமளிக்கக்கூடும். ஆகவே, ஒரே பருவத்துப் படங்களை ஒப்பிட்டு, நேரிலும் சென்று சரிபார்த்தல் அவசியம்.

இவ்வறிவு நமக்கு எதற்கு? 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றது. குறித்த காலத்திற்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நம் குடியிருப்பும் கோயிலும் பள்ளியும் அவ்வரைபடத்தில் எந்நிறத்தில் குறிக்கப்பட்டுள்ளன? படித்த பிள்ளைகளை உடனழைத்துச் சென்று பாருங்கள். கெடு கடந்தபின் வருந்துவதிற் பயனில்லை.