ரோபோ வார்: போர்டை மாட்டுறதுல இருக்கு பாதி ஜெயம்

அரங்கத்துல ஒரு ரோபோ திடீர்னு நின்னுட்டா, எதிராளி அடிச்ச அடியில மோட்டார் போயிடுச்சுன்னுதான் எல்லாரும் நினைப்போம். கழட்டிப் பார்த்தா பல நேரம் மோட்டார் நல்லாவே இருக்கும். ரிசீவர்ல ஒரு ஜம்பர் வயர் உருவியிருக்கும். இல்லன்னா போர்டு சாய்ஞ்சு சேசிஸைத் தொட்டிருக்கும்.

அர்டுயினோ ஊனோவை அலுமினியத் தகட்டு மேல நேரா வைக்காதீங்க. அடியில இருக்கிற சால்டர் முனை பட்டாலே ஷார்ட். எம்3 நைலான் ஸ்டான்ட்ஆஃப் கொடுத்துத் தூக்கி வைங்க. ராஸ்பெர்ரி பை என்றால் எம்2.5, அதுல எம்3 ஸ்க்ரூவைத் திணிக்க வேண்டாம். ஆயுதம் சுத்துற ரோபோவுக்கு இது மட்டும் பத்தாது. போர்டை ஒரு பாலிகார்பனேட் தகட்டுல மாட்டி, அந்தத் தகட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ரப்பர் புஷ் கொடுத்தால், அடியோட அதிர்ச்சி போர்டுக்குக் குறைவாகத்தான் போகும்.

அதிர்வுல ஸ்க்ரூ லூஸ் ஆகாமல் இருக்க நைலாக் நட் போடலாம். உலோகத்துல உலோகம் மாட்டுற இடத்துக்கு நீல லாக்டைட் சரி. பாலிகார்பனேட் பக்கம் அதைக் கொண்டு போகாதீங்க, விரிசல் விட்டுடும்.

உண்மையான தலைவலி வயர்தான். ஜம்பர் வயர் பிரெட்போர்டுக்கு உள்ளது, சண்டைக்கு இல்லை. பூட்டு உள்ள கனெக்டர் போடுங்க, இல்லன்னா நேரா சால்டர் பண்ணுங்க. சால்டர் பண்ணின வயர் பெரும்பாலும் ஒட்டுன இடத்துல அறாது, அதைத் தாண்டித்தான் அறும். ஈயம் இழைகளுக்குள்ள ஏறி விறைப்பாகிடும். விறைப்பு முடியுற இடத்துல வயர் மடங்கி மடங்கி உடையும். அதனால ஹீட் ஷ்ரிங்க் போட்டு, ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளி கேபிள் டையால சேசிஸோட கட்டுங்க. நடுவுல கொஞ்சம் தளர்வு விடுங்க. இழுவை எல்லாம் கட்டுற இடத்துக்கு வரணும், சால்டருக்கு வரக்கூடாது. ஹாட் க்ளூ ரிசீவர் பின்னுக்கு ஓகே. சூடாகிற இஎஸ்சி பக்கத்துல உருகிடும்.

லிப்போ பேட்டரிக்கு வெறும் வெல்க்ரோ போதாது. உள்ளே இருக்கிறதுலயே கனமான மின்சாமான் பெரும்பாலும் அதுதான், மோதும்போது முதல்ல பாயறதும் அதுதான். சுத்தி ஃபோம் வெச்ச ஒரு பெட்டிக்குள்ள அடக்குங்க. எந்த ஸ்க்ரூவோட முனையும் அதைப் பார்த்து நீட்டிக்கிட்டு இருக்கக்கூடாது. குத்தினா தீ, அரங்கத்துல மட்டும் இல்ல, உங்க லேப் மேசையிலயும்.

மூடி போடுறதுக்கு முன்னாடி பேட்டரி கனெக்‌ஷனை எடுத்துட்டு, ரோபோவைத் தலைகீழா பிடிச்சு நல்லா குலுக்குங்க. உள்ளே 'கடகட'ன்னு சின்ன சத்தம் கேட்டாலும் மூடி போட வேண்டாம்.