சப்ளையர் வேலைக்குப் போகும் பிள்ளையின் ஷூ



பிரியாணி ஹோட்டல்களிலும் பரோட்டா கடைகளிலும் பரிமாறும் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் பலர். காலை 11 மணிக்கு ஆரம்பித்தால் இரவு கடை அடைக்கும் வரை நடைதான். “கருப்பு ஷூ போட்டு வா” என்று முதலாளி சொல்வார். பெருநாளுக்கு வாங்கிய ஷூ கருப்பாகத்தானே இருக்கிறது என்று அதையே மாட்டிக்கொண்டு போவார்கள். சின்னக் கடைகளில் ரப்பர் செருப்பே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு. சால்னா சிந்திய டைல்ஸில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியலாம். மாவுக்கட்டு போட்ட கையோடு தட்டு தூக்க முடியாது. தினக்கூலி வாங்கும் வீட்டில் அந்த வாரங்களுக்கு அடுப்பெரிவதே கடினம்.

வழுக்குவது எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெயோ சோப்புத் தண்ணீரோ தரைக்கும் சோலுக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்றுவிடுகிறது. அப்போது சோல் தரையைத் தொடுவதே இல்லை. சோலில் உள்ள பள்ளங்கள் அந்த எண்ணெய் ஓடிப்போக வழி விடுகின்றன, மழையில் டயரின் பள்ளங்கள் தண்ணீரைத் தள்ளுவது போல. அதனால் பள்ளங்கள் ஓரம் வரை வந்து திறந்திருக்க வேண்டும். நடுவிலேயே மூடிக்கொண்ட பூ வேலைப்பாட்டில் எண்ணெய் தேங்கி நிற்கும். மலையேறும் ஷூ போலப் பெரிய பெரிய கட்டிகள் இருந்தாலும் பயனில்லை. அது மண்ணுக்கு ஏற்றது, வழவழப்பான தரையில் தொடும் பரப்பு குறைந்துவிடும்.

சோலை நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்கித் திரும்பினால் நல்லது. கண்ணாடி போல மினுங்கி, கல் போல இருந்தால் வேண்டாம். தோல் சோல் போட்ட விலை உயர்ந்த ஷூவும் இந்த வேலைக்கு ஆகாது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் உறவினர் இருந்தால், வாங்குமுன் அவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

சில ஷூக்களின் நாக்கிலோ அடியிலோ தர முத்திரை இருக்கும். ஐ.எஸ்.ஓ. 20347 என்பது இரும்பு முனை இல்லாத பணி ஷூவுக்கான தரம். நம் நாட்டில் ஐ.எஸ். 15298, நான்காம் பகுதி அதற்குரியது. எஸ்.ஆர்.சி. என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய டைல்ஸ், கிளிசரின் ஊற்றிய இரும்புத் தளம் இரண்டிலும் சோதித்தது என்று பொருள். 2022-ல் விதி திருத்தப்பட்ட பின் வரும் ஷூக்களில் எஸ்.ஆர். என்று மட்டும் இருக்கலாம். இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ பரிமாறுபவருக்குத் தேவையில்லை. நாள் முழுக்க அந்தப் பாரத்தைச் சுமப்பதுதான் மிச்சம்.

அளவு பார்க்க மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுவதும் நின்ற பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், குதிகால் ஏறி இறங்கக் கூடாது. முனை கூர்மையாக இருந்தால் சின்ன விரல் நசுங்கும்.

நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. தொழுகைக்குக் கழற்றி மாட்டச் சிரமம் என்று ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பாக்கிவிடுவார்கள். அதன்பின் எத்தனை நல்ல சோலாக இருந்தாலும் கால் தனியாக, ஷூ தனியாக ஓடும். லேஸ் சிரமமாக இருந்தால் இரு பக்கமும் எலாஸ்டிக் வைத்த ஷூவோ, ஒட்டும் பட்டை வைத்ததோ வாங்குங்கள். ஒளூ செய்த ஈரக்காலோடு சாக்ஸ் மாட்டுவதும் கூடாது. சூடான ஷூவுக்குள் விரல் இடுக்கில் ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். சிறிய துண்டு ஒன்றும் மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடியும் பையில் இருந்தால் போதும். ரமளானில் இஃப்தார் நேரத்து நெரிசலில் கஞ்சி சிந்தும். பள்ளிவாசலில் கஞ்சி பரிமாறுபவர்களுக்கும் இது பொருந்தும், அங்கே பலர் வெறுங்காலோடு நிற்கிறார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர் இந்த வேலையில் இருந்தால் வீட்டார் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். கடிப்பது அவருக்குத் தெரியாமலே புண்ணாகிவிடும். மாட்டுமுன் ஷூவுக்குள் கை விட்டுத் தடவிப் பார்க்கட்டும், இரவில் பாதத்தின் அடியை வீட்டில் ஒருவர் பார்த்துவிடுங்கள்.

வாங்கிய ஷூவை வாரம் ஒரு தடவையாவது சோப்பும் பழைய பிரஷும் கொண்டு அடிப்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். பள்ளத்தில் எண்ணெய்க் கறை அடைத்துக்கொண்டால் புது ஷூவும் வழுக்கும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடலாம், வியர்வை காய நேரம் கிடைக்கும். மேல்பாகம் பளபளவென்று இருந்தாலும் குதிகாலிலும் முன்பாதத்திலும் பள்ளம் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பிள்ளையிடம் கேளுங்கள். வேலையின்போது விழுந்து அடிபட்டால் மருத்துவச் சான்றின்பேரில், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு அளவுக்குப் பணம் பெற அதில் வழியுண்டு. விழுந்த அன்றே முதலாளியிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.