மீன் நீரில் நிலைத்து நிற்பது எப்படி?

மார்சிலிங் சந்தையில் கொடுவா மீன் வாங்கிக் கழுவும் தாய்மார்கள், அதன் முதுகெலும்பின் கீழே வெண்மையான பை ஒன்றைக் கண்டிருப்பர். தமிழகக் கடலோர மீனவர் இதனை நெட்டி என்பர். மீன் மூழ்காமல் நிற்பதன் இரகசியம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறக்குறைய 1,025 கிராம். அதே அளவுள்ள மீனின் தசையும் எலும்பும் இதனினும் கனமானவை. ஆகவே, வெறும் தசையும் எலும்புமாயின் மீன் அடியில் போய்த் தங்கிவிடும். எடை கூட்டாமல் உடலின் பருமனை மட்டும் கூட்டுவது நெட்டியிலுள்ள காற்று. கடல் மீன்களில் உடற்பருமனில் நூற்றுக்கு 5 பங்கே அக்காற்று. ஒரு கிலோ மீனுக்குச் சுமார் 50 மில்லிலிட்டர், அவ்வளவுதான்!

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் கீழே சென்றால் அழுத்தம் இரு மடங்காகும், பையிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கும், மீன் கனத்துவிடும். மேலே வந்தாலோ காற்று விரியும். இதனைச் சரிக்கட்ட, கொடுவா போன்ற மீன்களின் இரத்தம் பையினுள் பிராண வாயுவை விடுகிறது. மிகுந்ததைத் திரும்ப உறிஞ்சியும் கொள்கிறது. இவ்வேலை மெதுவாக நடப்பதாகையால், ஆழத்திலிருந்து விரைந்து இழுக்கப்படும் மீனின் வயிறு உப்பிவிடுகிறது.

சுறாவுக்கும் திருக்கைக்கும் இப்பை கிடையாது. சுறாவின் பெரிய ஈரலிலுள்ள எண்ணெய் நீரினும் இலேசானது. அது ஓரளவு தாங்குகிறது. திருக்கைகளில் பல, நீந்தாத வேளையில் மணலில் படுத்துக்கொள்கின்றன.

இனி நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று. முட்டையிலிருந்து வெளிவந்த கொடுவாக் குஞ்சின் பையில் காற்று இராது. முதற்சில நாட்களுக்குள் அது நீர்மட்டத்திற்கு வந்து ஒரு மிடறு காற்றை விழுங்க வேண்டும். அக்காலம் தவறினால் பை நிரம்பாது, குஞ்சு ஓயாது நீந்திக் களைக்கும், முதுகெலும்பும் வளையலாம். நீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தாலே இக்காற்று கிடைக்காமற் போகும். ஆதலால்தான் குஞ்சு பொரிப்பகங்களில் நீர்மட்டத்து எண்ணெயை ஓயாமல் வழித்தெடுக்கிறார்கள்.

பொரிப்பகத்தில் வழித்தெடுக்க ஆள் உண்டு. கடலில் யார் உண்டு? நமக்கு வடக்கே கிடக்கும் ஜோகூர் நீரிணையில், 2017 ஜனவரி 3ஆம் நாள் பாசிர் கூடாங் அருகே இரு கப்பல்கள் மோதி, ஏறக்குறைய 300 டன் எண்ணெய் கொட்டியது. உபின் தீவுப் பக்கத்து மீன் பண்ணைகளும் அதனால் தொல்லையுற்றன.

கப்பலை நாம் ஓட்டுவதில்லை. ஆனால் விருந்துகளில் பெரிய சட்டிகளில் பொரித்து மிஞ்சும் எண்ணெயை என்ன செய்கிறோம்? நம் சாலையோரக் கால்வாய்கள் மழைநீரை நீர்த்தேக்கங்களுக்கும் கடலுக்கும் கொண்டு செல்பவை. அவற்றில் எண்ணெயை ஊற்றலாகாது. ஆறவைத்துப் போத்தலில் அடைத்துக் குப்பையில் சேர்ப்பதே முறை. ஒரு மிடறு காற்றுக்காக மேலே வரும் சிறு குஞ்சுக்கு நாம் தடையாக இராதிருப்போமாக.